வசதியின் வரலாறு: கற்பிட்டிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1

கி.பி. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொறொக்கோ நாட்டுப் பயணி இபுனு பத்தூத்தா, தாம் வந்திறங்கிய துறையைப் 'பத்தாலா' எனக் குறிப்பிடுகின்றார். அது இன்றைய புத்தளமே என்பது ஆய்வாளர் பலரது கொள்கை. அக்கரை பற்றி அவர் எழுதிவைத்த செய்திகளுள் ஒன்று ஈண்டு நம் கவனத்துக்குரியது. மலைநாட்டு வெள்ளம் அடித்துவந்த கறுவா மரத்துண்டுகள் கரையெங்கும் குன்றுகள்போற் குவிந்து கிடந்தன என்றும், மலையாளக் கரையினரும் மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரையினரும் விலை கொடாது அவற்றை எடுத்துச் சென்றனர் என்றும், அதற்கு ஈடாக அரசனுக்குத் துணி முதலியவற்றைக் கையுறையாக அளித்தனர் என்றும் அவர் கூறுகின்றார்.

ஏறத்தாழ 677 ஆண்டுகளின் பின்னர் அதே மேற்குக் கரையில் வேறொரு பொருள் வந்து ஒதுங்கிற்று. 2021 மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் கொள்கலக் கப்பல் தீப்பற்றியது. பின்னர் அது மூழ்கியது. அக்கப்பலில் ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் இருந்தன. பருப்பின் அளவினதாகிய அம்மணிகள் புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் உட்பட மேற்குக் கரை நெடுகிலும் மணலோடு கலந்தன. அவற்றை விலை கொடாது எடுத்துச் செல்ல எந்நாட்டு வணிகரும் வரவில்லை. முப்படையினரும் ஊழியர்களும் மாதக்கணக்காக அள்ளியும் சலித்தும் முற்றாக அகற்ற முடியவில்லை.

கரையில் ஒதுங்கிய இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட காலத்தின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும். பிளாஸ்ரிக்கினால் விளையும் மாசு பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். அதனைக் கைவிட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. எனினும் கைவிட முடியவில்லை. 'வசதிக்கு அடிமையாகிவிட்டோம்' என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். இது பாதி உண்மையே. மக்கள் எதன்பொருட்டு, எத்தகைய சூழலில், எந்த உழைப்பிலிருந்து விடுபடும் நோக்குடன் அவ்வசதியை ஏற்றனர் என்பதை ஆராயாது அதனை அறக்குறை என்று மட்டும் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. வசதி உழைப்பை ஒழிப்பதில்லை. அதனை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு இடம்மாற்றுகின்றது என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்து.

2

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திற் குறிஞ்சிப்பிட்டி என்றோர் ஊர் உண்டு. அதன் பெயர் தமிழ் மாணவர்க்குச் சிறிது வியப்பைத் தரக்கூடும். குறிஞ்சி என்பது மலையும் மலைசார்ந்த இடமும் என நாம் படித்திருக்கின்றோம். இவ்வூரைச் சூழ்ந்ததோ நெய்தல் நிலம். பிட்டி என்பது ஈழத்துத் தமிழில் மேட்டுநிலத்தைக் குறிக்கும். மேற்கே ஆழ்கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் இருக்க, இடையே நீண்டு கிடக்கும் மணற்றிடலே கற்பிட்டிக் குடாநாடு. களப்பின் பரப்பு ஏறக்குறைய 327 சதுர கிலோமீற்றர். குடாநாட்டின் வடபாலுள்ள கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இற் கோட்டை கட்டத் தொடங்கினர். 'இலங்கைக் கசற்றியர்', 'தமிழ் புளூராக்' ஆகிய நூல்களைத் தந்த சைமன் காசிச்செட்டி 1807இற் பிறந்ததும் இக்கற்பிட்டியிலேயாம். மீன், உப்பு, தென்னை, பனை ஆகியன இப்பகுதியின் பழைய வாழ்வாதாரங்கள்.

வரலாற்று ஆவணங்கள் வணிகப் பொருள்களைப் பேசுவன. அப்பொருள்களைச் சுமந்த கலங்களைப் பெரும்பாலும் பேசமாட்டா. ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வை அறியவோ அக்கலங்களே சிறந்த சான்று. பிளாஸ்ரிக் வருமுன்னர் இக்கரையோரத்தார் மீனைப் பறியிலும் உமலிலும் எடுத்துச் சென்றனர். அரிசியும் தானியமும் கடகத்திலும் பெட்டியிலும் இருந்தன. தண்ணீர் மண்குடத்தில் இருந்தது. வெளியே செல்வோருக்குச் சோறு வாழையிலையில் அல்லது தாமரையிலையிற் கட்டப்பட்டது. கூரை தென்னங்கிடுகால் வேயப்பட்டது. கரைவலையின் கயிறு தென்னந்தும்பினாலும் வலை பருத்தி நூலினாலும் ஆயின. நகரிலிருந்து வந்த எண்ணெயும் குளிர்பானமும் கண்ணாடிப் போத்தலில் வந்தன. வெற்றுப் போத்தலைக் கொடுத்தே அடுத்ததை வாங்க வேண்டியிருந்தது.

இப்பொருள்களுக்குப் பொதுவான இயல்புகள் மூன்று. முதலாவது, இவற்றுட் பெரும்பாலானவை அவ்வூர் மண்ணில் விளைந்த மூலப்பொருளால் ஆனவை. இரண்டாவது, பயன் முடிந்ததும் அவை மண்ணுக்கோ கடைக்கோ திரும்பின. கிழிந்த உமல் அடுப்பெரிக்க உதவியது. இற்றுப்போன கிடுகு தென்னையின் அடியிற் பசளையாயிற்று. 'குப்பை' என்ற சொல் அன்று எருக்குவியலையே பெரிதும் உணர்த்தியது. அது தோட்டத்துக்கு வேண்டிய பொருள். அஞ்சி விலக்கத்தக்க பொருளன்று. இவ்விரு இயல்புகளையும் இக்காலத்தில் எடுத்துக்காட்டிப் பழமையைப் போற்றுவோர் உளர். அவர்கள் மூன்றாவது இயல்பை மறந்துவிடுகின்றனர். இக்கலங்கள் யாவும் இடையறாத மனித உழைப்பை வேண்டின என்பதே அது.

ஓர் உமலைப் பின்னுவதற்கு ஓலையை வெட்டி, உலர்த்தி, வார்ந்து, நனைத்து, இழையிழையாகக் கோக்க வேண்டும். அது சில மாதங்களே உழைக்கும். பின்னர் மீண்டும் பின்ன வேண்டும். கிடுகுக் கூரையை ஆண்டுக்கொருமுறையோ ஈராண்டுக்கொருமுறையோ மாற்றியாக வேண்டும். பருத்தி வலை இன்னும் கடினமானது. கடலிலிருந்து மீண்டதும் அதனைக் கழுவி உலர்த்தாவிடின் உக்கிப்போகும். உக்காதிருக்கும்பொருட்டு மரப்பட்டைச் சாயத்தில் அவ்வப்போது தோய்க்க வேண்டும். அதற்குக் களப்போரக் கண்டல் மரத்தின் பட்டையும் பயன்பட்டது. ஓலை வார்ந்தவரும் கிடுகு பின்னியவரும் குடம் சுமந்தவரும் பெரும்பாலும் பெண்கள். அவ்வுழைப்புக்குக் கூலி இருந்ததில்லை. இருந்தபோதும் அது மிகச் சிறிதாகவே இருந்தது. எனவே, பழைய வாழ்க்கை தூயது என்று கூறுங்கால், அத்தூய்மை யாருடைய கைகளாற் பேணப்பட்டது என்பதையும் உடன் கூறுதல் நேர்மையாகும்.

3

பிளாஸ்ரிக்கின் தோற்றமும் இயற்கைப் பொருளின் தட்டுப்பாட்டோடு தொடர்புடையதே. பிலியட் பந்து செய்வதற்கு வேண்டிய யானைத் தந்தம் அருகியபோது, அதற்கு மாற்றாகவே 1860களின் இறுதியில் அமெரிக்கரான யோன் வெஸ்லி ஹயற் செலுலோயிட்டை உருவாக்கினார். முற்றிலும் செயற்கையான முதற் பிளாஸ்ரிக்காகிய பேக்கலைற்றை லியோ பேக்லண்ட் 1907இற் கண்டார். பொலித்தீன் 1933இல் இங்கிலாந்தின் இரசாயன நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில் எதிர்பாராத வகையிற் பிறந்தது. நைலோன் 1935இல் அமெரிக்காவில் உருவாயிற்று. கைபிடியுடன் கூடிய மெல்லிய பொலித்தீன் பைக்குச் சுவீடன் நாட்டு நிறுவனமொன்று 1965இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. 1950இல் உலகின் பிளாஸ்ரிக் உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் தொன்; 2015இல் அது 38 கோடித் தொன்னை எட்டிற்று. 2017இல் வெளியான ஆய்வொன்றின் கணிப்பின்படி, 2015 வரை குப்பையாகிய 630 கோடித் தொன்னில் மீள்சுழற்சிக்கு உட்பட்டது நூற்றுக்கு 9 பங்கு மாத்திரமே.

இப்பேருற்பத்தி இலங்கையின் மீனவ ஊர்களை முதன்முதலில் எட்டியது கைப்பையின் வடிவில் அன்று. வலையின் வடிவிலேயே ஆகும். 1950களிலிருந்து மீன்பிடித் துறை இயந்திரமயமானபோது நைலோன் வலையும் உடன் வந்தது. அது நீரில் உக்காது, சாயம் தோய்க்க வேண்டுவதில்லை, பாரம் குறைவு, மீன் மிகுதியாகப் படும். வலையை உலர்த்துவதிற் கழிந்த பகற்பொழுது மீனவனுக்கு மீண்டது. இதனை ஆடம்பரம் என்று எவரும் கூறத் துணியார். ஆயினும் வலையின் சிறப்பாகிய அந்த உக்காமையே பின்னர் அதன் தீங்காகவும் முடிந்தது. பருத்தி வலை கடலில் தொலைந்தால் சில காலத்தில் அழியும். நைலோன் வலை தொலைந்தபின்பும் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆளில்லாத வலையில் ஆமையும் மீனும் மாள்கின்றன. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பார்ப் பகுதி 1992இற் கடற் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பவளத்திற் சிக்கிய வலையைப் பிரகடனத்தால் அகற்ற இயலாது. மூழ்கிச் சென்று அறுத்தெடுப்போர் வேண்டும். கரையில் ஒருவனுக்கு மிச்சமான உழைப்பு கடலடியில் வேறொருவனுக்குக் காத்திருக்கின்றது.

இரண்டாவது கட்டம் 1977இன் பின்னர் வந்தது. அவ்வாண்டு ஆட்சிக்கு வந்த அரசாங்கம் திறந்த பொருளாதாரக் கொள்கையைக் கைக்கொண்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பிளாஸ்ரிக் வாளியும் குடமும் கதிரையும் கிராமத்துக் கடைக்கு வந்தன. தொடர்ந்து, மக்கள் 'சொப்பிங் பை' என வழங்கும் பொலித்தீன் பையும், சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாளும் பரவின. உமலைக் கையில் எடுத்துச் செல்லும் வழக்கம் மெல்ல மறைந்தது. சணற்சாக்கின் இடத்தை உரப்பை பிடித்தது. நாட்கூலி பெறுவோர்க்கு ஒரு போத்தல் எண்ணெயோ சவர்க்காரத் தூளோ மொத்தமாக வாங்கும் வசதி இல்லை. அவர்கள்பொருட்டுச் சிறிய உறைகள் வந்தன. சிறிய உறையைச் சோம்பலின் அடையாளமாகக் காண்போர், நாள்தோறும் கையில் வரும் கூலியின் அளவை அறியாதோர். வறுமைக்கேற்ற அளவே அவ்வுறையின் அளவாயிற்று.

மூன்றாவது கட்டம் துயரமானது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, பல்லாயிரவர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். மன்னாரிலிருந்து படகேறிய பலர் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். எடுத்துவர முடிந்தவை சிலவே. கிடுகும் பொலித்தீன் விரிப்பும் அவர்களுக்குக் கூரையாயின. பிளாஸ்ரிக் கானில் தண்ணீர் சுமந்தனர். அவர்களுக்கு அது வசதியா? அன்று, அது உயிர்ப்பாதுகாப்பு. பிளாஸ்ரிக்கைப் பொதுப்பட இகழும் எந்த அறவுரையும் இம்மக்களின் முன்னிலையில் தயங்கியே நிற்றல் வேண்டும். ஒரு பொருளைக் கைவிடும் உரிமைகூட, அதற்கு மாற்று உடையவர்க்கே உரியது.

4

இடம்மாறிய உழைப்பும் சுமையும் எங்கே சென்றன? இக்கேள்விக்கு விடை காண்பதற்குக் கற்பிட்டிக் குடாநாட்டையும் அதன் அயலையும்விடப் பொருத்தமான இடம் அரிது. மூன்று சான்றுகளை நோக்குவோம்.

முதலாவது, தோட்டக் கிணறு. குடாநாட்டின் மணல் நிலத்தில், ஆழங்குறைந்த கிணறுகளின் நீரைக்கொண்டு வெங்காயம், மிளகாய், மரக்கறி முதலியன ஆண்டு முழுவதும் செறிவாகப் பயிரிடப்படுகின்றன. உரமும் பீடைகொல்லியும் பிளாஸ்ரிக் பையிலும் கலத்திலும் வருகின்றன. மணல் வழியே உரத்தின் நைத்திரேற்று நிலத்தடி நீரை அடைகின்றது. கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் அதன் செறிவு, குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வாளர் பலர் காட்டியுள்ளனர். கிணற்று நீரை நம்ப முடியாத இடத்திற் போத்தல் நீரும் கான் நீரும் இன்றியமையாதனவாகின்றன. முன்னர் வசதியாக வந்தது பின்னர் கட்டாயமாக மாறும் முறை இதுவே. கிணற்றைத் திருத்தாது போத்தலைத் தடைசெய்வோமாயின், தாகத்தையே தடைசெய்தவராவோம்.

இரண்டாவது, அறுவக்காடு. 2017 ஏப்ரில் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிக்கப்பட்டிருந்த குப்பைமேடு சரிந்து வீடுகளின்மீது வீழ்ந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரின் குப்பைக்கு இனி இடம் எங்கே என்ற வினா எழுந்தபோது, புத்தளம் மாவட்டத்தின் வண்ணாத்திவில்லுப் பகுதியில், களப்பின் வடகிழக்குப் பக்கத்தில், சுண்ணக்கல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அறுவக்காட்டு நிலம் விடையாகக் காட்டப்பட்டது. கொழும்பிலிருந்து அதன் தூரம் ஏறத்தாழ 170 கிலோமீற்றர். புத்தளத்து மக்கள் 2018இலும் 2019இலும் வீதியில் இறங்கிக் கிளர்ச்சி செய்தனர். எனினும் 2019 ஓகஸ்டிற் கொழும்பின் குப்பை ஏற்றிய வண்டிகள் அங்கு வரத் தொடங்கின. சுகாதார முறைப்படி அமைந்த நிலநிரப்பு, திறந்த குப்பைமேட்டினும் மேலானது என்ற வாதத்தில் உண்மையுண்டு. ஆயின் ஒரு வினா எஞ்சுகின்றது. மதிய உணவைச் சுற்றிய தாளின் பயன் கொழும்பில் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகின்றது; அதன் எச்சத்தை நூற்றாண்டுக்காலம் வைத்துக் காக்கும் கடமை, அவ்வுணவை உண்ணாத ஒரு மாவட்டத்தின் மண்ணுக்கு எவ்வாறு வந்தது? சுமக்கும் வேலை ஒழியவில்லை, சுமப்பவரே மாறினர்.

மூன்றாவது, தொடக்கத்திற் கூறிய கப்பல். பிளாஸ்ரிக் மணி என்பது பொருளாக உருப்பெறுமுன் உள்ள மூலப்பொருள். அதாவது, எந்த ஒருவரும் பயன்படுத்தி எறிந்த குப்பையன்று அது. எவருடைய வசதிக்கும் இன்னும் பயன்படாத நிலையிலேயே கரையை மாசுபடுத்தியது. தனிமனிதர் பையை மறுத்தால் எல்லாம் சரியாகும் என்ற கருத்துக்கு இதனைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. மீன்பிடி தடைப்பட்டது, இறந்த ஆமைகள் கரையொதுங்கின, கடலுணவை வாங்க மக்கள் அஞ்சியதால் தடைக்கு உட்படாத கரைகளின் மீனவரும் விலையிழந்தனர். 2025 யூலை 24ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம், கப்பலின் உரிமையாளரும் அவரைச் சார்ந்தோரும் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை வலியுறுத்திய வகையில் அத்தீர்ப்பு இந்நாட்டு வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. இபுனு பத்தூத்தா கண்ட காலத்திற் கரைப்பொருளை எடுத்தவர் அரசனுக்குத் துணி கொடுத்தனர். இன்று கரையிற் பொருளை இட்டவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறவேண்டியிருக்கின்றது.

இம்மூன்றோடும் மற்றொன்றையும் சேர்த்தெண்ணலாம். புத்தளம் உப்புக்குப் பெயர்பெற்ற மாவட்டம். இலங்கையில் விற்பனைக்கு வரும் உப்பில் நுண்ணிய பிளாஸ்ரிக் துகள்கள் கலந்திருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. நாட்டின் ஓர் மூலைக்கு அனுப்பப்பட்டதாக நாம் நம்பிய சுமை, உணவுத்தட்டின் வழியாக எல்லோரிடமும் திரும்பி வருகின்றது.

5

இச்சிக்கலைச் சட்டத்தால் தீர்க்கும் முயற்சி இலங்கையில் 2007 சனவரியில் தொடங்கிற்று. 20 மைக்குரோனுக்கு மேற்படாத தடிப்புள்ள பொலித்தீன் அன்று முதல் தடைசெய்யப்பட்டது. மீதொட்டமுல்லை அனர்த்தத்தின் பின்னர், 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் சோறு கட்டும் பொலித்தீன் தாள், ஒருவகைச் சொப்பிங் பை, நுரைப்பெட்டி ஆகியன தடைக்குள்ளாயின. 2021 மார்ச் 31 முதல் உணவும் மருந்தும் ஒழிந்த பிறவற்றுக்கான சிறிய உறைகளும், விவசாய இரசாயனங்களை அடைக்கும் சிலவகைப் பிளாஸ்ரிக் கலங்களும் விலக்கப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் உறிஞ்சுகுழல், கரண்டி, கோப்பை, மாலை, இடியப்பத் தட்டு முதலியன சேர்க்கப்பட்டன. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடாது விலைக்கே கொடுத்தல் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

சட்டங்கள் குறைவாக இல்லை. அவை ஏன் தளர்நடை நடக்கின்றன? இடியப்பத் தட்டையே சான்றாகக் கொள்வோம். பனையோலையாலும் பிரம்பாலும் பின்னிய தட்டு மாவு ஒட்டிக்கொள்ளும் இயல்பினது. ஒவ்வொரு முறையும் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி வெயிலிற் காயவைக்க வேண்டும். மழைக்காலத்திற் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்ரிக் தட்டு கழுவியவுடன் காய்ந்துவிடும். விடிவதற்கு முன்னெழுந்து நூற்றுக்கணக்கான இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு தாய்க்கு, அவ்வேறுபாடு ஒருமணி நேர உறக்கமாகும். வர்த்தமானியிற் பொருளின் பெயர் இருக்கின்றது. அந்த ஒருமணி நேரத்துக்கான இடம் அதில் இல்லை. சட்டம் தடைசெய்தது தட்டை; அது மீளச் சுமத்தியது உழைப்பை. கழுவ எளிதான மாற்றுத் தட்டு நியாய விலையிற் கிடைக்கும்வரை, பழைய தட்டு மறைவாகப் புழங்கவே செய்யும்.

பிற நாடுகளின் பட்டறிவும் இதனையே உணர்த்துகின்றது. 1988இலும் 1998இலும் வெள்ளத்தாற் பாதிக்கப்பட்ட வங்காளதேசத்தில், வடிகால்களைப் பொலித்தீன் அடைத்தமை பெருங்குறையாகக் கருதப்பட்டது. 2002இல் அந்நாடு மெல்லிய பொலித்தீன் பையைத் தடைசெய்தது. இத்துறையில் அதுவே உலகின் முன்னோடி. சணலுக்குப் பெயர்போன அந்நாட்டிற்கூட மாற்றுப்பை மலிவாகவும் போதிய அளவிலும் கிடைக்காமையாற் பொலித்தீன் மீண்டும் சந்தைக்கு வந்தது. அதே 2002இல் அயர்லாந்து பையைத் தடைசெய்யாது ஒவ்வொன்றுக்கும் 15 சதம் வரி விதித்தது. பையின் பாவனை நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்துக்கு மேற் குறைந்தது. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் 14 வகைப் பிளாஸ்ரிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. தடை மட்டும் போதாது என்று உணர்ந்தமையாற் போலும், 2021 டிசெம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தை அம்மாநில அரசு தொடங்கிற்று. திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுக்கப்பட்ட மஞ்சள் துணிப்பை, ஒரு காலத்திற் பட்டிக்காட்டின் அடையாளமாக நகையாடப்பட்டது. நகைப்புக்குரியதாக்கப்பட்ட ஒரு பொருளுக்கு மீண்டும் மதிப்பளித்தமையே அவ்வியக்கத்தின் சிறப்பு. நம்மூர் உமலும் அத்தகைய மதிப்பிழப்புக்கு ஆளானதே. பிளாஸ்ரிக் வாளி வாங்கியவன் உழைப்பிலிருந்து மட்டும் விடுபடவில்லை. தாழ்வாகக் கருதப்பட்ட ஒரு வாழ்க்கைத் தரத்திலிருந்தும் விடுபட்டதாக எண்ணினான்.

உற்பத்தியின் மூலத்தையே கட்டுப்படுத்தும் முயற்சியும் நடைபெறாமலில்லை. 2022 மார்ச்சில் நைரோபியிற் கூடிய ஐக்கிய நாடுகள் சூழல் பேரவை, பிளாஸ்ரிக் மாசு பற்றிச் சட்டவலுவுள்ள உலக உடன்படிக்கை ஒன்றை ஆக்கத் தீர்மானித்தது. உற்பத்தியின் அளவுக்கே எல்லை வகுக்க வேண்டும் என்ற நாடுகளும், அதனை ஏற்காத எண்ணெய் வள நாடுகளும் உடன்பட முடியாமையால், 2024 இறுதியிற் பூசானிலும் 2025 ஓகஸ்டில் ஜெனீவாவிலும் நடைபெற்ற பேச்சுக்கள் முடிவின்றிக் கலைந்தன. வசதியைக் கைவிட மறுப்போர் கிராமத்துக் கடைக்கு வருவோர் மட்டுமல்லர் என்பது இதனாற் புலனாகும்.

6

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பிளாஸ்ரிக்கின் பயன்களை ஒரே வசதியாக எண்ணுதல் தவறு என்பது தெளிவாகும். அவற்றை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, உயிரையும் உடலையும் காப்பவை: மருந்து, குடிநீர், இடம்பெயர்ந்தோர் கூரை போன்றன. இவற்றுக்கு மாற்றுக் காணும்வரை கைவிடுமாறு கேட்பது கொடுமை. இரண்டாவது, கடும் உழைப்பைக் குறைப்பவை: வலை, வாளி, இடியப்பத் தட்டு முதலியன. இவற்றைக் கைவிடக் கேட்போர், மீண்டு வரும் உழைப்பைத் தாமும் பகிர்ந்துகொள்ள ஆயத்தமாதல் வேண்டும். பழுதான வலையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு, ஓலைப் பின்னலுக்கு நியாயமான விலை, கழுவுதற்கெளிய மாற்றுக் கலம் என்பன அப்பகிர்வின் வழிகள். மூன்றாவது, சில நிமிடங்களைச் சேமிப்பதற்கு மட்டும் உதவுபவை: கடையிலிருந்து வீடு வரையுள்ள பை, கூட்டத்திற் கொடுக்கும் சிறு நீர்ப்போத்தல், விழா மேடையின் பிளாஸ்ரிக் மாலை. இம்மூன்றாம் வகையைக் கைவிடுவதற்கு எந்த ஆராய்ச்சியும் உடன்படிக்கையும் வேண்டியதில்லை; சிறிது நாணம் போதும்.

இங்குப் படித்தோர்மீது தனிக்கடப்பாடு உண்டு. மூன்றாம் வகை வசதியை மிகுதியாகத் துய்ப்போர் யாமே. பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிற் சூழல் மாசு பற்றிய உரை நிகழும்போதும் மேசையில் வரிசையாக நிற்பவை பிளாஸ்ரிக் போத்தல்கள் அல்லவா? முதலாம் வகையை நம்பி வாழ்வோரிடம் சென்று மூன்றாம் வகைக்குரிய அறவுரையைக் கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனை விட்டொழித்தலே முதற் சீர்திருத்தமாகும்.

'வசதி' என்ற சொல்லின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. வடமொழியிலிருந்து வந்த அச்சொல்லின் முதற்பொருள் இருப்பிடம் என்பது. வாழ்வதற்குரிய இடம் என்பதிலிருந்தே, வாழ்வை எளிதாக்குவது என்ற பொருள் பிற்காலத்தில் விரிந்தது. எளிமை தரும் பொருளொன்று, அதனைப் பயன்படுத்தாத ஒருவரின் இருப்பிடத்தைக் கெடுக்குமாயின், அதற்கு அப்பெயர் பொருந்தாது. கொழும்பில் எறிந்த தாள் புத்தளத்து மண்ணையும், எங்கோ ஆக்கிய மணி மேற்குக் கரையின் மணலையும் அடைகின்றன. அந்நிலையில் நாம் கேட்க வேண்டியது, 'இது எனக்கு வசதியா?' என்பதன்று, 'இதன் சுமை இப்பொழுது யார் தலையில் இருக்கின்றது?' என்பதே.

வெள்ளம் கொணர்ந்த கறுவாவைக் கண்டு எழுதிவைத்த பயணியைப்போல, நாளை இக்கரைக்கு வரும் ஒருவர் இங்குக் கண்டதை எழுதக்கூடும். குறிஞ்சிப்பிட்டியைச் சூழ்ந்த கடலும் களப்பும் அன்று எதனைக் கரையில் ஒதுக்கும் என்பது கடலின் கையில் இல்லை. கரையிலிருந்து நெடுந்தொலைவில் வாழும் நம் கையிலேயே இருக்கின்றது.